செங்காங் வீடு, இரண்டு பூனைகள், மணல் தட்டு நாற்றம்: என்னதான் வழி?

நெய்தல்

சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீடு, பதினோராம் மாடி. இரண்டு பூனைகள். மிளகு பெண், மூன்று வயது. ஜாங்கிரி ஆண், இன்னும் ஒரு வயது ஆகவில்லை. எங்கள் புளோக்கின் கீழே பூனைகளுக்கு உணவு வைக்கும் ஓர் அக்கா கொடுத்தது. பூனைகளின் கழிப்பறையான மணல் தட்டு வீட்டுக் காப்பறையில் இருக்கிறது, அதாவது நாம் எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அறையில். கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறோம். தட்டுக்கு மூடியும் உண்டு. காலையில் அள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். லாவெண்டர் வாசம் சேர்த்த களிமண் மணல், மேலே சமையல் சோடா, மூலையில் கரிப் பை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி.

நாற்றம் போகவில்லை. மாலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி. தீபாவளிக்குத் தஞ்சாவூரிலிருந்து மாமியார் வருகிறார். பூனை வளர்ப்பதே அவருக்குப் பிடிக்காது; இதையும் சேர்த்துக் கொடுத்தால் எனக்குத்தான் தலைவலி. காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி ஒன்று வாங்கலாம் என்று கணவர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பணத்தைக் கொட்டுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன். எந்த மணல் நல்லது?

ஈசூன்வாசி

மணலைக் கேட்கிறீர்கள். மணல் கடைசிக் கேள்வி, தங்கச்சி. முதல் கேள்வி இடம்.

காப்பறை என்பது என்ன? தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளையும் தகடு போட்டு மூடியிருப்பார்கள். வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்று கட்டிய அறை அது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. அதற்குள் ஒரு தட்டு, தட்டுக்கு மேல் ஒரு மூடி. பூனை உள்ளே போய் நின்றால் அதன் மூக்குக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.

இரண்டாவது, தட்டின் எண்ணிக்கை. பூனைகள் எத்தனையோ அதற்கு மேல் ஒன்று என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு மூன்று. நான்கறை வீட்டில் மூன்றுக்கு எங்கே போவது என்பீர்கள். சரி, இரண்டாவது வையுங்கள். ஆனால் வெவ்வேறு இடத்தில். அருகருகே வைத்த இரண்டு தட்டும் பூனையின் கணக்கில் ஒரே கழிப்பறைதான்.

மூன்றாவது, அள்ளுவது. காலையில் ஒருமுறை என்றால் இரவு வரை போனது எல்லாம் நம் ஊர் வெப்பத்தில் கிடக்கிறது. காலையும் இரவும் அள்ள வேண்டும். சிறுநீர் விழுந்து கிடக்கும் நேரம் கூடக்கூட நெடியும் கூடும்.

நான் தடை இருந்த காலத்திலிருந்து வளர்க்கிறேன். 1989 முதல் 2024 ஆகஸ்ட் வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனை கூடாது என்று சட்டம். அப்போது நாற்றம் நடைபாதைக்குப் போனால் பூனையே போய்விடும். அந்தப் பயம் கற்றுக்கொடுத்ததை எந்த மணல் உறையின் பின்பக்கமும் கற்றுக்கொடுக்கவில்லை.

பட்டுமீசை

அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் மணலைக் கடைசி என்று தள்ளிவிட முடியாது. நான் தோஃபு மணலுக்கு மாறிய பிறகு எங்கள் வீட்டில் பாதி நாற்றம் போனது. சோயாச் சக்கையில் செய்தது. தூசி குறைவு, கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், களிமண்ணைவிடப் பை இலேசு. தெம்பனிஸில் மின்தூக்கி பழுதான நாளில் அந்த எடை வித்தியாசம் புரிந்தது. வாசனை சேர்க்காத வகையையே வாங்குங்கள், நெய்தல் அக்கா.

மரத்தூள்

தோஃபு மணலா? இந்த ஊர் ஈரப்பதத்தில்? உறையைத் திறந்து கொஞ்ச நாள் விட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு, சில நேரம் பூஞ்சணம், சிறு வண்டு. அது சோயா, அரிசியைப் போல மூடி போட்ட டப்பாவில் வைத்தால்தான் தாங்கும்.

பைன் மரத்தூள் உருண்டைதான் என் தேர்வு. ஈரம் பட்டால் உருண்டை உதிர்ந்து தூளாகிறது. இரண்டடுக்குத் தட்டில் மேலே சல்லடை, கீழே தூள் விழும் தட்டு. மலத்தை அள்ளிவிட்டு, சல்லடையை ஓர் ஆட்டு ஆட்டினால் வேலை முடிந்தது. கெட்டியான உருண்டை என்பதால் பூனையின் காலில் ஒட்டி வீடு முழுக்கப் பரவுவதும் இல்லை.

பட்டுமீசை

கீழ்த்தட்டில் விழுந்த சிறுநீர்த் தூளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், அண்ணா? அதையும் சொல்லுங்கள்.

மரத்தூள்

தினமும் கொட்டுகிறேன். கொட்டாமல் விட்டால் நாறும், மறுக்கவில்லை. தினமும் கொட்டாதவருக்கு எந்த மணலும் நாறும்.

வேதியன்

நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன், பூனைக்கு அடிமை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூனைச் சிறுநீரில் இரண்டு தனித்தனி நாற்றங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மோனியா. புதிதாக விழுந்த சிறுநீரில் யூரியாதான் அதிகம். அதற்கு வாசம் கிடையாது. பாக்டீரியாவின் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. அதற்கு நேரம் வேண்டும், ஈரம் வேண்டும், வெப்பம் இருந்தால் இன்னும் வேகம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், பகலில் 31, 32 டிகிரி. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வேலையிடம் கிடைக்காது. ஈசூன்வாசி அண்ணன் இரண்டு வேளை அள்ளச் சொல்வதன் காரணம் இதுதான்: அம்மோனியா பிறந்த பிறகு பிடிப்பதைவிடப் பிறக்கும் முன் எடுத்துவிடுவது எளிது.

இரண்டாவது நாற்றம் பூனைக்கே உரியது. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் வெளியேறுகிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வருகின்றன. ஆண் பூனை என்று சொல்லாமலே தெரிகிற அந்தக் காட்டமான வாடை இதுதான். மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்குக்கு எட்டிவிடும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் ஃபெலினின் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

இப்போது நீங்கள் பயன்படுத்துபவற்றைப் பார்ப்போம். சமையல் சோடா தானே காரத்தன்மை கொண்டது, அம்மோனியாவும் காரம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்யாது. அமில வாடைகளுக்குச் சோடா உதவும். உங்கள் கண் எரிச்சலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கரிப் பை கந்தக வாடையை ஓரளவு பிடிக்கும், அம்மோனியாவைப் பிடிப்பதில் சாதாரணக் கரி மந்தம். அம்மோனியாவுக்குச் சியோலைட் என்ற கனிமம் நல்லது, சில மணல்களிலேயே கலந்து வருகிறது.

காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி: ஹெப்பா வடிகட்டி தூசியையும் முடியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கனமான கரி வடிகட்டி வேண்டும். மலிவான கருவிகளில் இருப்பது கரி தூவிய ஒரு மெல்லிய பஞ்சு. உங்கள் கணவர் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தட்டையோ தரையையோ பிளீச் ஊற்றிக் கழுவாதீர்கள். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத காப்பறைக்குள் அதைச் செய்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவீர்கள்.

நெய்தல்

வேதியன் ஐயா, நன்றி. பிளீச் இல்லை, பினாயில் ஊற்றித் துடைக்கிறேன். அதுவும் தவறா?

வால்நுனி

நான் சில ஆண்டுகள் ஒரு விலங்கு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தவள். பினாயில் வேண்டாம், அக்கா. பீனால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும், எல்லாம் வயிற்றுக்குள் போகும். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் இதே காரணத்தால் கூடாது. சாம்பிராணியைப் பூஜை அறையில் ஜன்னலைத் திறந்து போடுங்கள், பூனை இருக்கும் மூடிய அறையில் வேண்டாம். ஆஸ்துமா உள்ள பூனைகள் நிறைய இருக்கின்றன. இன்னொருவர் வந்து காப்பித்தூளைத் தூவச் சொல்வார், அதற்குள் சொல்லிவிடுகிறேன்: காஃபீன் பூனைக்கு நஞ்சு.

தட்டைக் கழுவ வெந்நீரும் வாசமில்லாத பாத்திரச் சோப்பும் போதும். நெடி மீந்திருந்தால் வினிகரைத் தண்ணீரில் கலந்து கடைசியாக அலசலாம். அமிலம் என்பதால் அம்மோனியாவை அது கொல்லும், வேதியன் ஐயா திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது என் கேள்வி. இவ்வளவு பேர் எழுதியும் இதை யாரும் கேட்கவில்லை. ஜாங்கிரிக்குக் கருத்தடை ஆகிவிட்டதா?

வேதியன்

"கொல்லும்" என்பதற்குப் பதில் "சமன்செய்யும்". மற்றதெல்லாம் சரி.

எதிர்வீடு

நான் பூனை வளர்ப்பவன் இல்லை. எதிர்வீட்டில் வளர்க்கிறார்கள், அதனால் இந்த இழையைத் தேடிப் படிக்கிறேன். ஒரு வேண்டுகோள். அள்ளியதை என்ன செய்கிறீர்கள் என்பதையும் பேசுங்கள். எங்கள் மாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே குப்பைக்குழாய். மெல்லிய பிளாஸ்டிக் பையில் முடிச்சுகூடப் போடாமல் யாரோ வீசுகிறார்கள். பை குழாயின் வாயிலேயே கிழிந்து, ஈரக் களிமண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. மூடியைத் திறந்தால் முழு நடைபாதைக்கும் விருந்து. அவர்கள் வீட்டுக்குள் வாசமே இல்லையாம், பெருமையாகச் சொல்கிறார்கள். இருக்காதுதான், எல்லாம் எங்களிடம் இருக்கிறதே.

ஈசூன்வாசி

எதிர்வீட்டுக்காரருக்கு என் ஓட்டு. அள்ளியதை இரண்டு பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கி முடிந்து போட வேண்டும். பெரிய பையில் சேர்த்துச் சேர்த்து வைப்பதைவிட அன்றன்றைக்குச் சிறிய பையாகப் போடுவது மேல். கழிப்பறையில் கொட்டிவிடலாம் என்று தோஃபு மணல் உறையில் போட்டிருக்கும். களிமண்ணை ஒருபோதும் கொட்டக்கூடாது. தோஃபுவையும் நான் கொட்ட மாட்டேன். பழைய புளோக், ஒரே கழிவுக்குழாய், கீழ்வீட்டில் அடைத்தால் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

புதிதாக வளர்க்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம், உரிமம் எடுக்க வேண்டும், நுண்சில்லு பொருத்த வேண்டும். இந்த விதிகளுக்கு மாறத் தந்த காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால் இந்தச் சலுகைமேல்தான் அவருக்குக் கோபம் வரும்.

நெய்தல்

வால்நுனி, இல்லை. எடை ஏறட்டும், பிறகு செய்யலாம் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். அடுத்த மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவன் தட்டில்தான் போகிறான், வெளியே எங்கும் ஈரம் பார்த்ததில்லை.

வால்நுனி

தரையில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண் பூனை எல்லை குறிக்கும்போது உட்காராது. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கும், வாலை நேராகத் தூக்கும், வால்நுனி மட்டும் நடுங்கும். என் புனைபெயர் அங்கிருந்துதான் வந்தது. பீய்ச்சுவது உங்கள் முழங்கால் உயரத்துக்கும் கீழே, செங்குத்தான இடங்களில் படும்: கதவு, சோபாவின் பக்கம், திரைச்சீலை. அளவு கொஞ்சம், அதனால் ஓடி வழியாது, காய்ந்துவிடும். புற ஊதாக்கதிர் டார்ச் ஒன்று வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுங்கள். காய்ந்த சிறுநீர் மஞ்சள் பச்சையாக ஒளிரும். துணிச்சோப்புக் கறையும் ஒளிரும், அதனால் ஒளிர்ந்த இடத்தில் மூக்கை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் மூக்குதான் கடைசித் தீர்ப்பு.

மரத்தூள்

நெய்தல், மணலைப் பற்றிப் பேசி முடியவில்லை, அதற்குள் துப்பறியும் வேலை ஆரம்பித்துவிட்டது.

நெய்தல்

கண்டுபிடித்துவிட்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கணவரும் நானும் தரையில் தவழ்ந்தோம். தட்டைச் சுற்றி ஒன்றும் இல்லை. காப்பறைக் கதவின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விசிறி மாதிரி ஒரு தெளிப்பு. அங்கிருந்து நூல் நூலாகக் கீழே இறங்கி, கதவு விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டைக்குள் போயிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதே இடத்தைப் பார்த்தால் வண்ணப்பூச்சின் மேல் இலேசான பளபளப்பு, அவ்வளவுதான். ரப்பரை விரலால் விலக்கினேன். உள் மடிப்பில் மஞ்சளாகப் படிந்து உப்புப் போல உலர்ந்திருந்தது. கண் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. கதவைத் திறக்கும்போது ரப்பர் உராய்ந்து நெடி கிளம்புகிறது.

மருத்துவமனையில் ஜாங்கிரிக்கு அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. இப்போது இந்த ரப்பரை என்ன செய்வது? கதவையே மாற்றிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

ஈசூன்வாசி

காப்பறைக் கதவைக் கழற்ற அனுமதி கிடையாது, தங்கச்சி. பூனை போக ஓட்டை போடுவதும் முடியாது. அந்த ரப்பர் கதவை இறுக்குவதற்கு இருப்பது, கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள்.

வேதியன்

காய்ந்த பூனைச் சிறுநீரில் படிவுகளும் இருக்கும். அவை தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்புப் போட்டுத் துடைத்ததும் போய்விட்டது போல இருக்கும். மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி நாறும். நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் அதற்கு வழி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். தெளித்து உடனே துடைத்தால் பயன் இல்லை. நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் தேவை. துணியை அதில் நனைத்து, ரப்பர் மடிப்புக்குள் செருகி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் எடுத்துவிட்டுக் காற்றாட விடுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் மறுபடி செய்யுங்கள். அந்த இடத்தில் முன்பே பினாயில் போட்டிருந்தால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் நொதித் திரவம் சரியாக வேலை செய்யாது.

வால்நுனி

அறுவை முடிந்த மறுநாளே வாடை மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடலில் உள்ள ஹார்மோன் குறையச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண் பூனைகள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும். அறுவைக்குப் பிறகு காயம் ஆறும்வரை தூசியுள்ள களிமண் வேண்டாம், காகித உருண்டை மணல் போடச் சொல்வார்கள்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள், இது எல்லாருக்கும். ஆண் பூனை தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால், நாற்றத்தைப் பற்றி யோசிக்காமல் அன்றே, இரவாக இருந்தாலும், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீர்க்குழாய் அடைப்பு இரண்டொரு நாளில் உயிரை எடுக்கும். வயதான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, தட்டில் பெரிய பெரிய கட்டியாக விழுந்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். தட்டை அள்ளுபவருக்குத்தான் இது முதலில் தெரியும். அதனால்தான் தானாகச் சுத்தம் செய்யும் தட்டுகள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அள்ள வேண்டாம், வேறு ஒருவர் தினமும் அள்ளட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி மலத்தில் விழுந்த உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளுவதில் அந்த லாபமும் உண்டு.

பட்டுமீசை

இரண்டாவது தட்டை எங்கே வைத்தீர்கள், அக்கா?

நெய்தல்

துணி துவைக்கும் இடத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஜன்னல் வலை முன்பே அடித்திருந்தோம், அதனால் எப்போதும் காற்று வருகிறது. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டேன். சாரல் அடிக்கும் பக்கம் தட்டை வைக்கவில்லை. மிளகு அன்றைக்கே அங்கே போய்விட்டாள், ஜாங்கிரி இன்னும் யோசிக்கிறான். பழைய தட்டின் அடியில் நகக்கீறல்கள், அவற்றுக்குள் மஞ்சள் கோடு. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை.

ஈசூன்வாசி

பிளாஸ்டிக் கீறினால் அதைக் காப்பாற்ற முடியாது, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அல்லது எவர்சில்வர் தட்டு வாங்குங்கள், விலை கூட, நாற்றம் பிடிக்காது. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். மணலை ஐந்திலிருந்து ஏழு செண்டிமீட்டர் ஆழம் போடுங்கள். சிக்கனம் என்று மெல்லிசாகப் பரப்பினால் சிறுநீர் அடித்தட்டில் போய் அப்பிக்கொள்ளும், அதைச் சுரண்டுகிற வேலையில்தான் கீறலே விழுகிறது.

மரத்தூள்

மணல் மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் மிளகு கோபித்துக்கொண்டு மெத்தையில் போய்விடுவாள். எதற்கு மாற்றப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பட்டுமீசை

நானும் கேட்கவில்லை.

நெய்தல்

வாசமில்லாத களிமண்ணிலேயே இருக்கப்போகிறேன், இருவரும் மன்னிக்கவும். மிளகுக்கு அது பழகிவிட்டது.

நொதித் திரவம் இரண்டாவது முறையும் வைத்தாயிற்று. ரப்பரில் மூக்கை ஒட்டினால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது, கூடத்தில் தெரியவில்லை. மாமியாருக்குக் கொடுப்பது காப்பறையை ஒட்டிய அறை என்பதால் இன்னொருமுறை வைக்கிறேன். கருவி வாங்க வைத்திருந்த பணம் ஜாங்கிரியின் அறுவைக்குப் போகிறது.

எதிர்வீடு

எங்கள் எதிர்வீட்டில் இருப்பதும் ஆண் பூனைதான். இந்த இழையின் இணைப்பை அவர்களுக்கு அனுப்பினால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

வால்நுனி

இணைப்பை அனுப்பாதீர்கள், அண்ணே. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும்போது பூனையின் பெயரைக் கேளுங்கள், வயதைக் கேளுங்கள், பிறகு கருத்தடை ஆயிற்றா என்று கேளுங்கள். அந்த வரிசையில்.